ஒரு நிமிடத்தை நாற்பதாக்கினேன்

பொய்யான சோதனை அறிக்கை கொடுத்தவள் நான். பழி ரேவதியின் தலையில் விழுந்தது. மூன்று ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்...

இருவருக்கும் ஊரிகம்தான் ஊர். பெங்களூரில் ஒரே அலுவலகம். அவள் நிரல் எழுதுவாள். ஒரே சமயத்தில் எத்தனை பேர் நுழைந்தால் அது தாங்கும் என்று நான் சோதிப்பேன். வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது, ஓசூர் வரைக்குமான மாலை ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அந்தப் பயணத்துக்காகவே நான் வேலைக்குப் போனேன் என்றால் நம்புவீர்களா?

அது ஒரு கல்லூரியின் விண்ணப்பத் தளம். திங்கள் காலை பத்து மணிக்குத் திறக்கும். மாணவர்கள் மொத்தமாக வந்து மோதுவார்கள். ஆகவே ரேம்ப்-அப், அதாவது பயனர்கள் அனைவரையும் உள்ளே விட்டு முடிக்கும் நேரம், ஒரு நிமிடம் என்று வைத்தேன். வெள்ளி மதியச் சோதனையில் தளம் விழுந்தது!

சொல்லியிருந்தால், அதைச் சரிசெய்ய ரேவதி சனியும் ஞாயிறும் பெங்களூரிலேயே தங்கியிருப்பாள். நான் தனியாக ஊர் திரும்பியிருப்பேன். அவ்வளவுதான்... அதைக்கூட என் மனம் ஏற்கவில்லை! ஒன்றை அழித்து நாற்பது என்று போட்டேன். பயனர்கள் சாவகாசமாக நுழைந்தார்கள். தளம் அசையவில்லை. தேறியது என்று எழுதிக் கொடுத்தேன்.

"இன்னாடி, பாஸா?" என்று ஓடிவந்தாள்.

"பாஸ்தான். கெளம்பு, ரயிலப் புடிக்கலாம்."

திங்கள் பத்து மணிக்குத் தளம் முடங்கியது. மேலாளர் என் அறிக்கையை அவள்முன் நீட்டினார். "டெஸ்ட்ல பாஸ் ஆயிருக்கு. அப்புறம் நீங்கதான் எதையோ மாத்தியிருக்கீங்க."

"நான் ஒண்ணும் தொடல சார்... சுமதி, நீயாவது சொல்லேன்!"

நான் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி! அந்த மாதமே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இப்போது ஓசூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறாள். நிரல் எழுதுவதை அடியோடு விட்டுவிட்டாள். போன மாதம் தொலைபேசியில் அழைத்தாள்.

"அன்னிக்கு நான் இன்னாதான்டி தப்பு பண்ணேன்? உனக்காவது தெரியுமா?"

"தெரியலடி" என்றேன். மறுபடியும்!

"சரி, உடு. ஞாயித்துக்கெழம வூட்டாண்ட வாயேன். பாத்து எவ்ளோ நாளாச்சு!"

நான்கு ஞாயிறுகள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் புடவை கட்டித் தயாராகிறேன்... உண்மையைச் சொன்னால் அவளை இழந்துவிடுவேன். சொல்லாமல் அவள் கையால் எப்படிச் சாப்பிடுவேன்? அவளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.