‘தூரம்’ என்ற சொல்லும் பெயரில்லாத அந்தப் பெண்ணும்

சகோதர சகோதரிகளே, நான் சொல்லப்போவது உதிரப்போக்கைப் பற்றி. ஆண்கள் இருக்கும் சபையில் இதைப் பேசலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். வாயை மூடிக்கொண்டிருந்ததால் நான் சாகப் பார்த்தேன்.

மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் பெற்ற நாளுக்கு, இரண்டு மாதம் இருக்கும்போது தொடங்கியது. மாதாமாதம் வருவதுதானே என்று இருந்தேன். ஐந்தாம் நாள் நிற்கவில்லை. பத்தாம் நாளும் நிற்கவில்லை. மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டில், எல்லாரும் வெளியே போன பிறகு துணிகளை அலசிக் கட்டிலுக்கு அடியில் உலர்த்தினேன். பஸ் கண்டக்டரான என் கணவரிடம்கூட எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள். சின்னவளைத் தூக்கினால் எனக்குக் கண் இருட்டும்.

ஆறாவது வாரம் டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். வெள்ளைக்கார டாக்டர். அங்கிருந்த மிஸ்ஸி, அதாவது நர்ஸ், மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். அவர்கள் வீட்டுப் பேச்சே மலாய்தான். தமிழில் நாலைந்து வார்த்தை தெரியும். மலாய் எனக்கும் வரும். ஆனால் ஓர் ஆண்பிள்ளைக்கு முன்னால் ரத்தம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. மாதவிலக்கை நம் பெண்கள் சொல்கிறபடி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

"ஆறு வாரமா தூரமா இருக்கேன், மிஸ்ஸி."

மிஸ்ஸி டாக்டரிடம் திரும்பினாள். "டியா டுடோக் ஜாவு, டோக்டோர்."

நான் ரொம்பத் தொலைவில் குடியிருக்கிறேனாம்! நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாத காஜா பேராங்! டாக்டர் என் கண்ணை இழுத்துப் பார்த்தார். சோகை என்றார். அவ்வளவு தொலைவிலிருந்து அடிக்கடி அலைய வேண்டாம் என்று இரண்டு மாதத்துக்கு டானிக் கொடுத்தார்.

மிஸ்ஸியைக் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. திருத்தியிருக்கலாம். திருத்தாமல் புட்டிகளை வாங்கிக்கொண்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான்.

மெர்டேக்கா கொண்டாட்டம் முடிந்த வாரம் சமையலறையில் விழுந்துவிட்டேன். பக்கத்து வீட்டு மரியக்கா ஓடி வந்து தூக்கினார். என் சேலையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுக்கா."

"அடிப் பாவி! வெரோணிக்காவ நெனச்சு வேண்டிக்க. ஆண்டவரோட அங்கியத் தொட்டு ரத்தம் நின்னுச்சே, அவதான். சிலுவ சுமந்து போறப்ப அவரு மொகத்தத் தொடச்சதும் அவதான்."

மரியக்கா கத்தோலிக்கர். சாகப்போகிற நேரத்திலும் என் வாய்க்கொழுப்பு அடங்கவில்லை. "வேதத்துல அவளுக்குப் பேரே இல்லக்கா. யாரோ பின்னால வச்ச பேரு."

"எங்க பெரியவங்க வழிவழியா சொல்றது. அவ வீட்டு வாசல்ல செலகூட இருந்துச்சாம்!"

"பேரு இல்லன்னா இல்லதான்!"

அவர் கோபித்துக்கொண்டு என் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கப் போனார். அவரை மடக்கத்தான் வேதத்தைத் திறந்தேன். மாற்கு, ஐந்தாம் அதிகாரம். பெயரைத் தேடினேன். இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்த அந்த நேரத்தில் கண் ஓரிடத்தில் நின்றது. என்னைத் தொட்டது யார் என்று ஆண்டவர் கேட்கிறார். அவள் கூட்டத்தில் நழுவிப் போயிருக்கலாம். போகவில்லை. நடுங்கிக்கொண்டே முன்னால் வந்து, அத்தனை ஆண்கள் நடுவில், நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்லிவிடுகிறாள்.

அதுவரை, யாருக்கும் தெரியாமல் நிறுத்திவிடும் ஆண்டவரே என்றுதான் ஜெபித்து வந்தேன். அன்று மாற்றி ஜெபித்தேன். "இயேசுவே, அவளுக்குக் கொடுத்த தைரியத்தை எனக்கும் கொடும். என் பிள்ளைகளுக்கு நான் வேண்டும்." சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன்.

மரியக்கா டிரைஷா வண்டி பிடித்தார். அதே கிளினிக். உட்கார இடமில்லாமல் ஆண்கள் கூட்டம். மிஸ்ஸி என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு சீக்கிரம் வந்தாய், உன் வீடுதான் தொலைவாயிற்றே என்று மலாயில் கேட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, எனக்கே கேட்காத அளவுக்குக் காது அடைத்துப்போக, கத்தினேன்.

"புக்கான் ஜாவு, மிஸ்ஸி! டாரா!"

தொலைவு இல்லை, ரத்தம். அத்தனை பேரும் திரும்பினார்கள். மிஸ்ஸி "ஐயோ" என்று ஓடி வந்து தாங்கிக்கொண்டாள். டாக்டர் தம் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றே கருப்பையிலிருந்த கட்டியை அறுத்து எடுத்தார்கள். இன்னொரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டேன் என்றார்கள். கணவர் டிக்கெட் பையோடு ஓடி வந்து, "என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?" என்று பிள்ளை மாதிரி அழுதார்.

ஸ்தோத்திரம், இன்று உங்கள் முன் நிற்கிறேன். அந்த மிஸ்ஸி இப்போது தமிழ்ப் பெண் யார் ‘தூரம்’ என்றாலும், "ஜாவு? டாரா?" என்று கேட்காமல் விடுவதில்லையாம். மரியக்காவும் நானும் அந்தப் பெண்ணின் பெயருக்காக இன்னும் சண்டை போடுகிறோம். பரலோகம் போய் அவளிடமே கேட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

இந்தக் கூட்டத்திலும் ஒருத்தி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஆண்டவர் உன்னைக் கைவிட மாட்டார், என்னைக் கைவிடவில்லை. நாளைக் காலை என் வீட்டுக்கு வா. முதலில் ஜெபிப்போம், பிறகு டாக்டரிடம் போவோம். உனக்கு வாய் வராவிட்டால், முதல் வார்த்தையை நான் சொல்கிறேன்.