இடம் இருந்தால் போடச் சொன்ன பேர்

உள்ளாட்சித் தேர்தலில் நிற்காமலேயே தோற்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நின்றவள் என் மனைவி. தோற்கடித்தவன் நான். எதிராளி பாவம், சும்மா வீட்டில் இருந்தாள்.

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை இறங்கும் இடத்தில் எங்கள் தெரு. தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஓர் ஓடை. கல்வராயன் மலையில் மழை என்றால் இடுப்பளவு ஓடும். அப்படியொரு நாளில்தான் என் மாமியாருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றுவிட்டது. கட்டிலோடு தூக்கி ஓடையில் இறங்கினோம். அக்கரை ஏறியபோது உயிர் இல்லை.

எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியதும் மனைவி சொன்னாள்: "நான் நிக்கிறேங்க. அந்த ஓடைக்கு ஒரு பாலம் கேக்கணும்."

பிரசாரத்தை நான் எடுத்துக்கொண்டேன். கலியாணம், காதுகுத்து எதுவானாலும் மைக் பிடித்துச் சிரிக்க வைப்பவன் நான். வடக்கனந்தல் வரை என்னைத் தெரியாதவர் இல்லை என்று ஒரு நினைப்பு. கள்ளக்குறிச்சிக்குப் போய் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தேன். என் படம் கும்பிட்டபடி பெரிதாக. அவள் படம் ரேஷன் கார்டிலிருந்து எடுத்தது, ஓரமாக.

"அக்கா பேரு எங்கண்ணே போடறது?" என்றார் அச்சகக்காரர்.

"எடம் இருந்தா போடு."

அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

வீடு வீடாகப் போனபோதும் "எனக்கு ஒரு ஓட்டு" என்றுதான் கேட்டேன். அவள் பின்னால் நின்று கும்பிட்டாள். ஒரு வீட்டில் ஓடையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். "நீ இருமே, நான் சொல்றேன்" என்று ஒரு வேடிக்கை சொன்னேன். வீடே சிரித்தது. ஓடைப் பேச்சு அதோடு போயிற்று. சின்னத்தையும் வேடிக்கையாகத்தான் சொன்னேன். வேடிக்கை நினைவில் நின்றது, சின்னம் நிற்கவில்லை.

எதிராளி பால் அளப்பவள். விடிந்தால் தெருவே அவள் பேரைத்தான் கூப்பிடும். என் மனைவியையோ நான் "இந்தாமே" என்பேன், பிள்ளைகள் "எம்மா", தெருவுக்கு அவள் மைக்குக்காரன் பொண்டாட்டி. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அவள் அம்மா ஒருத்திதான்.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா என்னிடம் சண்டைக்கு நின்றாள். "இன்னாடா, சீட்டு பூரா தேடறேன், ஒம் பேரே காணமே?"

"நான் எங்க நின்னேன் பெரிம்மா? வூட்லதான நிக்கிறா."

"அவ பேரு இன்னா?"

சொன்னேன்.

"அப்டி ஒண்ணு இருந்துது. யாரோன்னுட்டு, தெரிஞ்ச பேரா பாத்து குத்திட்டு வந்துட்டேன்."

அவள் மேல் தப்பில்லை. கேட்டுப் பழகிய பேரில்தான் கை போய் நிற்கும். அன்று பல கைகள் என் பேரைத் தேடிவிட்டுப் பால்காரி பேரில் போய் நின்றிருக்கின்றன.

தோற்றதற்கு அவள் அழவில்லை, ஏசவும் இல்லை. அடுத்த மழையில் ஓடை மறுபடி பொங்கியது. அவள் கரையில் போய் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் போன எனக்குச் சொல்ல வேடிக்கை எதுவும் வரவில்லை. கலியாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

சட்டென்று அவள் அக்கரையைத்தான் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. அப்புறம்தான் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப இன்னாத்துக்கு அது?"