முன்வரிசை கேட்ட ஜன்னல்

மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கின் மாடியில் எங்கள் அலுவலகம். அன்று மாலை வியாபாரிகளுக்கு விலை வரைபடம் காட்ட வேண்டும். கணினித் திரையில் வரைபட ஜன்னலைத் திறந்தால், கட்டளை தட்டும் கன்சோல் உறைந்துபோனது. ஜன்னலைத் தனி த்ரெட்டுக்கு, அதாவது புரோகிராமுக்குள் பக்கத்தில் ஓடும் இன்னொரு வேலை வரிசைக்கு, மாற்றினால் புரோகிராமே செத்தது.

உதவிக்கு ஒரு பாலக்காட்டுக்காரர் வந்தார். என் வயதுதான். நெற்றியில் சந்தனம். சாயாவை மூன்று தடவை ஊதாமல் வாய் திறக்கமாட்டார்.

“ஜன்னல் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி மாமா மாதிரி. மெயின் த்ரெட்டுல, முன்வரிசையில உக்காத்தி வைக்கலேன்னா கோச்சுண்டு போயிடும். கன்சோலைப் பின் த்ரெட்டுக்கு அனுப்புங்கோ. அது பாவம், எங்க இருந்தாலும் வேலை செய்யும்.”

அப்படியே செய்தேன். இரண்டும் சேர்ந்து ஓடின.

மாலையில் முன் நாற்காலிகளை வியாபாரிகள் பிடித்துவிட்டார்கள். பின்வரிசையில் அவருக்கு ஓர் இடம் காட்டினேன். நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாயாவை ஊதாமலே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

கன்சோல் மட்டும், பாவம், பின்னால் இருந்து வேலை செய்துகொண்டிருந்தது.