எனக்கு நானே அனுப்பிய நேர்முக அழைப்பு

மன்னியுங்கள், இதையெல்லாம் எழுதுவதா என்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

காசு கட்டினால் எல்லா நிறுவனங்களுக்கும் அனுப்புவோம் என்ற இணையத்தளத்தில் என் சுயவிபரத்தைக் கொடுத்திருந்தேன்.

அது நான் கணக்கெழுதும் உருத்திரபுரம் அரிசி ஆலைக்கே வந்துவிட்டது. அங்கே என் முழுப்பெயரோ படிப்போ யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நான் பபா.

இன்று முதலாளி கணினியில் அதைக் காட்டினார்.

“பபா, கம்பஸ் முடிச்ச பிள்ளையாம். திங்கட்கிழமை வரச்சொல்லி ஈமெயில் போடும். சம்பளமும் கூடத்தான் குடுக்கவேணும்.”

“அப்ப நான், ஐயா?”

“அவவுக்கு வேலையைப் பழக்கிப்போட்டு நீர் வீட்டை போகலாம்.”

அனுப்பினேன். என் கைப்பையில் போன் கிணுங்கியது.

அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வராது. யாராவது ஆலைக்குப் போன் எடுத்து, அந்தப் பிள்ளை நான்தான் என்று சொல்லிவிடுவீர்களா? கூட்டிய சம்பளத்தையும் மறக்காமல் கேளுங்கள்.