பர்வதமலைக்குக் கொண்டுபோன மரக்காணத்து உப்பு

மரக்காணத்தில் வேன் கிளம்பியபோது இன்னும் விடியவில்லை. உப்பளத்தில் வேலை செய்யும் நாங்கள் ஒன்பது பேர் பர்வதமலைக்குப் போனோம். தலைக்கு நானூற்று ஐம்பது ரூபாய். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாக நூற்று முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. நான் இந்தப் பருவத்துக்கு மூட்டை தூக்க வந்தவன். எங்கே கூப்பிட்டாலும் போகிற ஆள்.

அஞ்சலை அக்கா மடியில் ஒரு பாலிதீன் பை. அதில் இந்த வருஷம் தன் பாத்தியில் முதலில் வாரிய உப்பு. பக்கத்தில் அவர் கணவர் ஏழுமலை மாமா. உப்பு வெள்ளையில் கூசிக் கூசி மங்கிப்போன அவர் கண்களுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். அது நல்லபடியாக முடியவேண்டும் என்று, அந்த உப்பை உச்சியில் கொட்டுவதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தார்.

அடிவாரத்தில் பிளாஸ்டிக் அனுமதி இல்லை. அக்கா உப்பை மஞ்சப்பைக்கு மாற்றினார். மாமா மோர்க்கடை பெஞ்சிலேயே தங்கிக்கொண்டார்.

"ஏய் அஞ்சல, வழியில எவனாவது சோறு குடுத்தா அந்த உப்ப அதுல போட்டுத் துன்னுடாத."

"நீ கம்முனு ஒக்காரு. நாங்க வர்றதுக்குள்ள மோர்க்கடைய காலி பண்ணிடாத."

ஏழு மணிக்கு ஏறத் தொடங்கினோம். படிகள் இருந்தவரை பரவாயில்லை. அதற்கு மேல் உருட்டுக்கல் பாதை. நாள் முழுக்க சமதரையில் நடக்கிற கால்களுக்கு ஏற்றம் பழக்கமில்லை. தொடை நடுங்கியது. இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். பாதி வழியில் புளிச்சோற்றைத் தின்றுவிட்டு, எவர்சில்வர் தூக்கைத் துடைத்து மூடி என் பையில் வைத்தேன்.

பாறையில் அடித்த கம்பிகளையும் சங்கிலியையும் பிடித்து ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்தில் மழை தூரத்திலேயே தெரிந்துவிடும். குவியலை மூட நேரம் கிடைக்கும். இங்கே மலையே அதை மறைத்து வைத்திருந்தது. அக்காவின் இரண்டு கைகளும் சங்கிலியில், பை தோளில்.

"தம்பி, உப்பு! உப்பு போவுதுடா!"

நான் அவருக்கு மேலே இருந்தேன். என் கையையும் எடுக்க முடியவில்லை.

உச்சிக்குப் போய்ப் பையைத் திறந்தபோது அடியில் ஒரு பிடி சேறுபோல் இருந்தது. அக்கா பையைத் திருப்பிப் பாறையில் உதறினார். மழை அதையும் கொண்டுபோனது. கோயிலில் சாமிக்கு நாமே பூ வைக்கலாம். அக்கா வைத்தார். சுற்றிலும் மேகம், பார்க்க ஒன்றுமில்லை.

இறங்கும்போதுதான் முதுகில் தூக்கு இடித்தது. மூடியோடு, உள்ளே சொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. உப்பை அதில் போட்டு மூடலாம் என்று உப்பில் பிழைக்கிற எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடிவாரம் வர மாலை ஆகிவிட்டது.

"கொட்டிட்டியா?" என்றார் மாமா.

"கொட்டியாச்சு."

மாமா காலிப் பையை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மோர்க்காரரிடம், "இவளுக்கு ஒரு மோர் குடுங்க. உப்பு வேணாம்," என்றார்.

இரவு திரும்பி வந்தபோது, மரக்காணத்தில் ஒரு துளி பெய்திருக்கவில்லை. வேன் விளக்கில், மூடாமல் விட்டுப்போன உப்புக் குவியல்கள் வரிசையாக வந்தன.

"நம்மளுது தெரியுதா அஞ்சல?" என்று கேட்டார் மாமா.

"அப்படியேதான் இருக்குது," என்றார் அக்கா. மடியில் மஞ்சப்பை இன்னும் காயவில்லை.