வலது பக்கம் மட்டும் சிவப்பு

தெற்குச் சித்திரை வீதியில் கோபுர வாசல் வந்ததும் செல்லக்கிளி கியரைக் குறைத்து, தலையைப் பின்னுக்கு இழுத்து, இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறார். அந்த இடத்தில் ஸ்ரீரங்கமே கழுத்தை நீட்டும். ஆட்டோக்காரர் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் எட்டிப் பார்த்து விழப் போவார். செல்லக்கிளியின் ஏற்பாடு வேறு. அவர் பெருமாளைப் பார்க்க வரவில்லை; பெருமாள் காரைப் பார்க்க வேண்டும். நடுவில் தன் தலை மறைத்துவிடக் கூடாது.

"அவரை நேத்தும் பாத்தேன், அதே மாதிரிதான் படுத்திருக்காரு. காரைத்தான் இன்னிக்குப் புதுசாத் தொடச்சிருக்கேன்" என்பார்.

கார் ஒரு பழைய ஃபியட். கைலாசபுரம் குவார்ட்டர்ஸ் ஒன்றில் பாதாம் மரத்தடியில், பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் கிடைத்தது. செல்லக்கிளி நடத்தும் 'கிளி டிரைவிங் ஸ்கூல்' மாணவர்களுக்கு அதன் கைப்பிடியைத் தொடவும் அனுமதி இல்லை. அவர்களுக்கென்று வேறொரு சின்னக் கார் இருக்கிறது. ஊரில் பாதிப் பேருடைய முதல் பாடம் அதன் உடம்பில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கிறது.

அந்தப் பள்ளிக்கூடத்தின் பாடத்திட்டம் தனி. முதல் கியர் பிறகுதான். சேர்ந்தவுடன் ஒரு வாரம் கொள்ளிடக் கரைத் திடலில் ரிவர்ஸ் மட்டும். டாக்டரானாலும் சரி, திருவெறும்பூர் தொழிற்சாலை அதிகாரியானாலும் சரி, கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால்தான் போக வேண்டும். "முன்னால போறதுக்கு என்னா இருக்கு, கார் தானாப் போவும். ரிவர்ஸ் வராதவன் டிரைவர் இல்ல, பாசஞ்சர்." கழுத்துப் பிடிப்புக்கு மருந்து தடவிக்கொண்டு யாராவது சித்திரை வீதியில் நடந்தால், கிளி ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார் என்று ஊர் புரிந்துகொள்ளும்.

ஃபியட்டின் எஞ்சினுக்கு ஆன செலவைச் செல்லக்கிளி மூச்சு விடாமல் சொல்லிவிடுவார். பெயிண்ட்டுக்கு ஆனதைச் சொல்லுமுன் ஒரு நாற்காலி தேடுவார். பாலக்கரையில் கார்களுக்கு வண்ணம் பூசும் பட்டறை வைத்திருக்கிற நசுருதீன் முதன்முதலில் விலை சொன்ன நாளில் நடந்த பேச்சு, அந்தத் தெருவில் இன்னும் நினைவிருக்கிறது.

"என்னா பாய், நான் காருக்குத்தானே கேட்டேன்? தேருக்குச் சொல்ற?"

"அக்கா, வெள்ளைன்னா மலிவா முடிச்சிடலாம். இந்தச் சிவப்புன்னா அதுக்குண்டான மரியாதையப் பண்ணணும். அடியில பிரைமர், மேல கலர், அதுக்கு மேல பளபளக்கக் கிளியர், எறுக ஹார்டனர், கலக்கத் தின்னர்."

"பொண்ணக் கட்டிக் குடுக்கக்கூட இத்தன வரிசை இல்லயே!"

"பொண்ணுக்குக் கொறையா செஞ்சா நம்ம வீட்டுக்கு வந்துதான் சண்டை போடும்க்கா. பெயிண்ட்டுக்குக் கொறையா செஞ்சா நடுத்தெருவுல வெளுத்துக் காட்டிரும்."

செல்லக்கிளி கைப்பையைத் திறந்து முன்பணத்தை எண்ணி வைத்தார். அன்றிலிருந்து உலகத்துப் பொருள்களை அவர் ரூபாயில் அளப்பதை விட்டுவிட்டார். மாணவர்களில் அளக்கிறார். "முன் கதவு ஏழு ஸ்டூடண்ட். பின் கதவு அஞ்சு." பட்டுச்சேலை, பல் வைத்தியம், எல்லாவற்றுக்கும் இதே நாணயம்தான்.

பெயிண்ட் அடிக்கும் நாளில் அவருக்கு இன்னொரு அறிவு கிடைத்தது. ஸ்ப்ரே துப்பாக்கியிலிருந்து கிளம்பும் பெயிண்ட் முழுவதும் காருக்குப் போவதில்லை. கணிசமான பங்கு காற்றுக்குப் போகிறது. செல்லக்கிளி பட்டறையைச் சுற்றிப் பழைய சேலைகளைத் திரையாகக் கட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். நசுருதீன் தும்மப்போனபோது, "வெளிய போய்த் தும்மு பாய், ஒரு தும்மலு அர ஸ்டூடண்ட்டு" என்றார். அப்படியும் பட்டறைப் பூனையின் வெள்ளை முதுகு அன்று மாலை இளஞ்சிவப்பாகிவிட்டது. கொஞ்ச காலம் அந்தப் பூனையைப் பார்க்கும்போதெல்லாம், "என் காசு நடந்து போவுது பாரு" என்று பெருமூச்சு விட்டார்.

எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது பெரிய கேள்வியாக இருந்தது. வாங்கிய பெயிண்ட் முழுக் காருக்கும் வராது என்று நசுருதீன் முன்பே சொல்லிவிட்டார். "ரோட்டோரம் நிக்கிற சனம் இடது பக்கத்தத்தான்க்கா பாக்கும். இடது பக்கத்த முடிச்சிடலாம்." செல்லக்கிளி சற்று யோசித்தார். ஸ்ரீரங்கத்தில் கோயிலை வலம் வரும்போது, வலது கைப்பக்கம் அல்லவா பெருமாள் இருக்கிறார்? "சனம் பாத்து என்னா செய்யும்? 'என்ன வெல'ன்னு கேக்கும். வலது பக்கம் அடி." மேலே கூரை, பானெட், டிக்கி மூன்றும் வானத்தில் வட்டமிடும் கருடனுக்காகச் சேர்ந்துகொண்டன. அத்தோடு டப்பா காலி. இடது பக்கம் பிரைமரின் சாம்பல் நிறத்தில் நின்றது. அடுத்த தடவை விலை கேட்டபோது சிவப்பு இன்னும் ஒரு படி ஏறியிருந்தது. டப்பாவின் அடியில் வழித்தெடுத்த கடைசிச் சொட்டுகள் ஒரு நகப்பூச்சுப் பாட்டிலில் அடைபட்டு, செல்லக்கிளியின் கைப்பையில் தாலிக்கயிறு மாதிரி பத்திரமாக இருக்கின்றன; கீறல் விழுந்தால் தொட்டு வைக்க.

பக்கத்துக் கடையில் ஸ்டிக்கர் தொழில் செய்யும் அறிவுமதி ஒரு யோசனை சொன்னார். "அக்கா, அந்தப் பக்கத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிடறேன். பாக்கறவனுக்கு வித்தியாசமே தெரியாது."

"பாக்கறவனுக்குத் தெரியாது தம்பி. காருக்குத் தெரியுமில்ல?"

இதனால் ஊரில் ஒரு சிக்கல் முளைத்தது. தினமும் வலமாகவே போகிற அந்தக் காரை, வீதியில் கோயிலை ஒட்டிய உள்வரிசை வீட்டார் சிவப்புக் கார் என்றார்கள். வெளிவரிசை வீட்டார் சாம்பல் கார் என்றார்கள். இரண்டு கட்சியும் நேரில் கண்டதைத்தான் சொன்னது.

வெளிவரிசையில் பிறந்த யாழினி, உள்வரிசையில் இருக்கும் சித்தார்த்தனுக்கு நிச்சயமானாள். இருவருமே கிளி ஸ்கூல் தயாரிப்புகள். ஒரு நாள் யாழினி கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"மேடம், மாப்பிள்ளை அழைப்புக்கு உங்க சிவப்புக் காருதான் வேணும்னு மாமா சொல்லிட்டாங்க. நான், 'அது சாம்பக் கலருங்க மாமா'ன்னு சொல்லிட்டேன். அவங்களுக்கு மூஞ்சி மாறிடுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே எதுத்துப் பேசறேன்னு பேச்சாயிடுச்சு மேடம்."

"யாரு சாம்பக் கலருன்னது?"

"நான்தான். எங்க வாசல்லேருந்து அப்படித்தானே தெரியுது? எங்க சொந்தக்காரங்க அத்தன பேரும் அந்த வரிசைலதான் நிப்பாங்க. 'என்னடி, மாப்பிள்ளைய பெயிண்ட் போன வண்டில கூட்டியாராங்க'ன்னு எங்க அத்தை இப்பவே ஆரம்பிச்சிட்டாங்க."

செல்லக்கிளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய வாய் எப்போதும் அவருடைய யோசனைக்கு ஒரு கியர் முன்னால் ஓடும். "உங்க அத்தைகிட்டப் போய்ச் சொல்லு. உங்க வாசல்ல சிவப்புதான் வரும்."

சொல்லியாகிவிட்டது. பாலக்கரைக்குப் போய்க் கேட்டார். இடது பக்கத்துக்கு இப்போது ஒரு முழு பேட்ச் மாணவர்கள் தேவைப்பட்டார்கள். அத்தனை பேர் அந்த மாதம் திருச்சியில் கார் ஓட்ட ஆசைப்படவில்லை. "மட்டமான பெயிண்ட் ஒண்ணு இருக்கு, நாளைக்கே அடிச்சிடலாம்" என்று நசுருதீன் வாயெடுத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்த டப்பாவைக் காலால் மேசைக்கடியில் தள்ளிவிட்டார். ஊர்வலத்தையே எதிர்ப்பக்கமாகத் திருப்பலாமா என்று செல்லக்கிளி மாப்பிள்ளையின் அப்பாவிடம் நூல் விட்டுப் பார்த்தார். "மாப்பிள்ளைய இடஞ்சுத்தி அப்பிரதட்சிணமாக் கூட்டிட்டு வர்றதா? என்னம்மா பேசறீங்க!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அழைப்பு நாள் மாலை. தெற்குச் சித்திரை வீதியில் நாதஸ்வரமும் தவிலும் தயார். கார் அலங்காரத்துக்கு வந்தவர்களிடம் செல்லக்கிளி முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "நூல்ல கட்டுங்க. செலோடேப்பு எடுத்த கை வீட்டுக்குத் திரும்பாது." கார் மட்டும் தலைகீழாக, டிக்கி போகும் திசையைப் பார்க்க, மூக்கு வந்த திசையைப் பார்க்க நின்றது.

"திருப்பி நிறுத்துங்கம்மா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சரியாத்தாங்க நிக்குது. உங்களுக்கு வலமாப் போவணும், அவ்ளோதானே? வலமாத்தான் போவுது. வண்டியோட முகம் எங்க இருக்கணும்னு யாரும் சொல்லலையே?"

அவர் யோசித்து முடிப்பதற்குள் செல்லக்கிளி கழுத்தைத் திருப்பி, இடது கையைப் பக்கத்து இருக்கையின் முதுகில் போட்டு, ரிவர்ஸ் கியரைத் தட்டிவிட்டார். புறப்படுமுன் கோபுரத்தின் பக்கம் ஒரு பார்வை போனது. சாம்பல் பக்கம் இப்போது அந்தப் பக்கம் இருந்தது. "இன்னிக்கு ஒரு சாயங்காலம் பொறுத்துக்க ரெங்கா, பொண்ணு வீட்டு வெவகாரம்."

முன்னால் நாதஸ்வரம், அதை ஒட்டி டிக்கி, கடைசியில் உறவினர். மாப்பிள்ளை சித்தார்த்தன் தன் சுற்றத்தார் அத்தனை பேரையும் நேருக்கு நேர் பார்த்துக் கும்பிட்டபடி, எங்கே போகிறோம் என்று தெரியாமல் இல்லறத்தை நோக்கிப் பயணமானான். பெரும்பாலான மாப்பிள்ளைகள் போவதும் அப்படித்தான். என்ன, அவர்கள் முன்னால் பார்த்துக்கொண்டு போகிறார்கள். "இது நம்ம ஸ்கூல் முதல் பாடம்டா" என்று நண்பர்களிடம் பெருமையாகக் கத்தினான்.

ஆபத்து வெளிவரிசையில் இருந்தது. வாசல்தோறும் பைக்குகள் கைப்பிடியை நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு கைப்பிடி உரசினால் ஏழு ஸ்டூடண்ட் போச்சு. தான் அடித்த சிவப்பைக் கூட்டத்தோடு பார்க்க வந்த நசுருதீன், வேட்டியை மடித்துக் கட்டி முன்னால் ஓடி ஒவ்வொரு பைக்கையும் சுவரோரம் தள்ளினார். ஒரு பைக் பூட்டியிருந்தது. நகரவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கார் நின்றது, டிக்கிப் பக்கமாக ஒரு சாண் நகர்ந்தது, மறுபடி நின்றது, ஸ்டியரிங் அரைச் சுற்று திரும்பியது. கைப்பிடிக்கும் கதவுக்கும் நடுவே, கல்யாணப் பத்திரிகை ஒன்று நுழையும் இடைவெளியில் சிவப்பு வழுக்கிக்கொண்டு போனது. தவில்காரர் அந்த இடத்தில் தானாகத் தாளத்துக்கு முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வைத்தார்.

யாழினி வீட்டு வாசலில் பெண் வீட்டார் முழுவதும் நின்றிருந்தார்கள். சீரியல் பல்புகள் அத்தனையும் காரின் சிவப்புக் கதவில் தெரிந்தன. அத்தை குனிந்து, அந்தக் கதவில் தன் மூக்குத்தியையே பார்த்துக்கொண்டார்.

"யாருடி சாம்பக் கலருன்னது?" என்று யாழினியைத்தான் அதட்டினார். வடக்குச் சித்திரை வீதி மண்டபத்தில் சம்பந்திகள் தழுவிக்கொண்டார்கள். "நான்தான் அப்பவே சொன்னேனே, சிவப்புன்னு" என்று மாப்பிள்ளையின் அப்பா பந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்லக்கிளி சாப்பிட உட்காரவில்லை. "வந்துடறேங்க, ஒரு சின்ன வேலை" என்று கிளம்பினார். காலி வீதியில் காரைத் திருப்பினார். அன்று முதல் தடவையாக முதல் கியர் போட்டு, கிழக்கு வீதி சுற்றி, தெற்கு வீதிக் கோபுர வாசலுக்கு நேராக நிறுத்தினார். பிடித்துக்கொண்ட கழுத்து முனகியது. இருந்தும் தலையைப் பின்னுக்கு இழுத்து இருக்கையோடு ஒட்டிக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியாக வலது கையை வெளியே நீட்டி, சிவப்புக் கதவை வெளிப்பக்கமாக இரண்டு முறை தட்டிக் காட்டினார்.