துரை உலா போன வண்டி

வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட்டின் வரலாற்றைக் காட்டுகிறோம் என்று திறந்திருந்த அந்தத் தனியார் அருங்காட்சியகத்தில் அதிகக் கூட்டம் ஒரு மர வண்டியைச் சுற்றித்தான் இருந்தது. நான்கு தூண், மேலே கூரை, நடுவில் சிவப்பு வெல்வெட் இருக்கை. ‘துரைமார் குடும்பத்தின் மாலை உலா வண்டி’ என்றது பலகை. கல்யாணத்துக்கு முன் படம் எடுக்கும் ஜோடிகள் வரிசையில் நின்றார்கள்.

முப்பது வருடம் பத்திரிகையில் படக்குறிப்பு திருத்தியவன் நான். எனக்கே சந்தேகம் வரவில்லை. உடன் வந்த அல்சூர் அண்ணன்தான் நின்றுவிட்டார். என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தச்சர்.

“சார், இது எங்க சர்ச்சோட பொண வண்டி. இந்தச் சக்கரத்துக்குக் கட்டை போட்டது நான்தான். எங்கப்பா கடைசியா போனதும் இதுலதான்.”

சவ அடக்கச் சங்கத்தார் கையால் இழுத்த வண்டி அது. மோட்டார் வண்டி வந்ததும் ஏதோ கொட்டகையில் போட்டார்களாம். கறுப்புப் பெயின்டைச் சுரண்டி, பாலிஷ் ஏற்றி, கூரையில் சிலுவை இருந்த துளையில் ஒரு சின்னக் கொடியைச் செருகியிருந்தது அருங்காட்சியகம். துளை எதற்கு என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கொடி வைக்க மட்டும் தோன்றியிருக்கிறது.

“பலகைய மாத்தச் சொல்லுங்க சார். எங்கப்பா போன வண்டியில ஏறிப் பல்லக் காட்டுறாங்க.”

காப்பாளரிடம் போனோம். வெளிநாட்டில் படித்த பெண். மிகப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமையே பதில்.

“டாகுமென்ட் ஏதாவது இருக்கா அங்கிள்?”

“இதுல போனவங்க யாரும் ரசீது வாங்கிட்டுப் போகல மேடம்.”

“இது எங்க மோஸ்ட் பாப்புலர் எக்ஸிபிட், அங்கிள்.” துரை இதில் உலா போனதற்கு என்ன டாகுமென்ட் இருந்தது என்று நான் கேட்டேன். அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

அண்ணன் நேராக வண்டிக்குத் திரும்பினார். கவுன் போட்ட பெண் ஒருத்தி அதில் உட்கார்ந்திருந்தாள். “கொஞ்சம் இறங்கும்மா” என்றார். இறங்கினாள். வெல்வெட் இருக்கையைத் தூக்கி வெளியே வைத்தார். அடியில் வரிசையாக மர உருளைகள். பெட்டி வழுக்கிப் போவதற்கு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, கையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தார். தலையிலிருந்து பாதம் வரை அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

“என்ன அங்கிள் பண்றீங்க?” என்றாள் கவுன் போட்ட பெண்.

“படுத்துக் காட்டுறேன்மா. இது உக்காந்து போறவங்க வண்டி இல்ல.”

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். காப்பாளருக்குக் கடைசிவரை புரியவில்லை. செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்துக்காரரான செக்யூரிட்டி, அண்ணனின் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, “எனக்கும் தெரியும்ணே. சொன்னா வேல போயிரும்” என்றார் மெதுவாக.

இரண்டு வாரம் கழித்துப் போனோம். வெல்வெட் திரும்பியிருந்தது. பலகையில் துரை அப்படியே இருந்தார். பலகைக்குக் கீழே புதிதாக ஒரு வரி: ‘வண்டியில் படுக்கக் கூடாது.’

அந்தக் கட்டிடத்தில் அந்த வண்டியைப் பற்றி எழுதப்பட்ட முதல் உண்மை அதுதான். அண்ணன் இரண்டு முறை படித்தார்.

“உலா போற வண்டியில எவன் சார் படுப்பான்? படிக்கிறவன் யோசிப்பான், விடுங்க.”

யோசிக்கிற கூட்டமாக எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஜோடி வந்தது. செக்யூரிட்டி பக்கத்தில் போய் ஏதோ சொன்னார். பெண் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தாள். அண்ணன் கைக்குட்டையை எடுத்து, தான் கட்டை போட்ட சக்கரத்தைத் துடைத்தார்.